புது வீட்டுக்கு ஒரு துவக்கு வேண்டுமா?

 

நமது கிழக்கிலே வீடு என்றால் அது பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். மகள் வளர வளர வாப்பா அத்திவாரம் போடுகிறார், சுவரை எழுப்புகிறார், கடன்பட்டாவது கூரையைப் போட்டு முடிக்கிறார். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார். இந்த வழக்கம் மார்க்கத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விடயம். ஆனால் காணி உறுதியில் உங்கள் பெயர் இருக்கின்றபடியால், அந்த வாசற்படியைத் தாண்டி எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்பதில் உங்களுக்கும் சொல் உண்டு, பொறுப்பும் உண்டு. வீட்டின் பொறுப்பாளியாகப் பெண்ணும் மறுமையில் விசாரிக்கப்படுவாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்களே!

யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூர் மக்கள் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு கந்தளாய்க்கு ஓடினார்கள். வெருகல் பக்கத்து மக்களும் அந்தக் காலத்தில் ஊரைவிட்டுப் போனார்கள். பின்னர் பெரும்பாலானோர் திரும்பி வந்து விட்ட இடத்திலேயே வாழ்க்கையைத் தொடங்கினார்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இன்று இலங்கைத்துறை முகத்துவாரம், தோப்பூர், மூதூர், கிண்ணியா என்று எங்கு பார்த்தாலும், முன்பு பற்றையாகக் கிடந்த காணிகளில் புதுவீடுகள் எழும்புகின்றன. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல், அதற்கப்பால் காடு. கணவர் கடலுக்கோ வயற்காவலுக்கோ போய்விட்டால், இரவில் நாய் குரைக்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். சிலருடைய கணவன்மார் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள்.

அப்போதுதான் இந்தப் பேச்சு வருகிறது: "ஒரு துவக்கு வைத்திருந்தால் பயமில்லைதானே? முறைப்படி லைசன் எடுத்தே வைத்துக் கொள்ளலாமே! எது நல்லது, சொட்கன்னா, பிஸ்டலா?"

எது நல்லது என்று கேட்பதற்கு முன்னர் இன்னொரு கேள்வி இருக்கிறது. அது வீட்டைக் காக்குமா என்பதுதான்.

பயத்திற்குக் காரணம் உண்டு

துவக்கு வேண்டும் என்று சொல்பவரைக் கோழை என்றோ முரடன் என்றோ ஏளனம் செய்வது நியாயமல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நமது சகோதரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டார்கள். ஒரு வாரம் கழிந்து, 11ஆம் திகதி இரவு ஏறாவூரிலே உறங்கிக் கொண்டிருந்த பெண்களும் பிள்ளைகளும் வெட்டப்பட்டார்கள். அந்த நாட்களில் எல்லைப்புறக் கிராமங்களில் ஊர்காவல் படைக்கு அரசாங்கம் துவக்குக் கொடுத்தது. நமது வாப்பாமாரும் காக்காமாரும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவு முழுக்கக் கண்விழித்தார்கள். அவர்களால் காக்கப்பட்ட ஊர்கள் உண்டு. அதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் நீதியாகப் பேசுகிறவன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாளில், அதற்குப் பழிவாங்கலாக, அருகிலுள்ள முத்துக்கல், கரப்பொல ஆகிய தமிழ்க் கிராமங்களில் ஒரு பாவமும் அறியாத மக்கள் கொல்லப்பட்டார்கள். அதிலே ஊர்காவல் படையினரும் சம்பந்தப்பட்டிருந்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. காவலுக்கென்று கொடுக்கப்பட்ட துவக்கு, கோபம் வந்த நேரத்தில் காவலோடு நிற்கவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தை சூரா மாயிதாவின் 8ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. துவக்கைக் கையில் எடுப்பவனுக்குத்தான் இந்தப் பாடம் முதலில் தேவை.

இன்றைய பயம் அன்றைய பயமல்ல. இன்று நாம் அஞ்சுவது கள்வனுக்கு, யானைக்கு, போதைக்கு அடிமையாகி மதிலேறிக் குதிக்கும் இளைஞனுக்கு. நோய் வேறாகிவிட்டால் மருந்தும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் துவக்கு வைத்திருப்பது குடிமகனின் பிறப்புரிமை அல்ல. அமெரிக்காவிலே கடைக்குப் போய் வாங்கி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கும் அப்படி நினைத்துவிடக் கூடாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும்தான் இங்கு நடைமுறை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு துவக்கை, அது பழைய இடியன் துவக்காக இருந்தாலும் சரி, வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

விண்ணப்பித்தால் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், மாவட்டச் செயலகம், பாதுகாப்பு அமைச்சு என்று பல கைகளைக் கடக்க வேண்டும். என்ன காரணத்துக்குக் கேட்கிறீர்கள், உங்கள் நடத்தை எப்படி என்று விசாரிப்பார்கள். பயிரைப் பாதுகாக்க விவசாயிக்குக் கிடைப்பது பெரும்பாலும் சொட்கன்தான். பிஸ்டலும் ரிவோல்வரும் உயிராபத்து உண்டென்று அதிகாரிகள் ஏற்றுக் கொண்டவர்களுக்கே. புதுவீடு கட்டிவிட்டோம், பயமாயிருக்கிறது என்ற காரணம் அதற்குப் போதாது. கிடைத்த அனுமதியும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. அதை அரசாங்கம் மீளாய்வு செய்யவும் முடியும். 2024ஆம் ஆண்டின் இறுதியில், தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளைத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்ததே இதற்குச் சாட்சி. முதல் அறிவித்தலில் நவம்பர் 7ஆம் திகதி கடைசி நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது.

அனுமதி இருந்தால் மட்டும் சுட்டுவிடலாமா? அதுவும் இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகளில் தற்பாதுகாப்பு உரிமையைச் சொல்கிறது. உடலையும் உடைமையையும் காக்கும் உரிமை நமக்கு உண்டு. இரவில் வீடுடைத்து வருபவன், கொள்ளையடிப்பவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவன் விடயத்தில் அந்த உரிமை விரிவானது. ஆனாலும் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் இந்த உரிமை எழாது. பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், கள்வன் வைத்தியசாலையிலும் வீட்டுக்காரர் விளக்கமறியலிலும் இருக்க நேரிடும்.

மார்க்கம் காட்டும் படிக்கட்டு

தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்பட்டவர் ஷஹீத் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் ஹதீஸ் வந்திருக்கிறது. இதை எடுத்துக் காட்டித்தான் பலரும் துவக்குக்கு மார்க்க ஆதாரம் தேடுகிறார்கள். ஹதீஸ் உண்மையானது. அதிலே சந்தேகமில்லை. ஆனால் அந்த ஹதீஸ் கொல்லப்பட்டவரின் சிறப்பைச் சொல்கிறது. கொல்வதற்கு எந்நேரமும் தயாராக இருங்கள் என்று அது சொல்லவில்லை.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. அத்துமீறி வந்து தாக்குபவனுக்கு ஃபிக்ஹில் 'ஸாயில்' என்று பெயர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் அவனைத் தடுக்கும் முறையைப் படிப்படியாக எழுதியிருக்கிறார்கள். பொன்னானி செய்னுத்தீன் மக்தூம் அவர்களின் 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபும் அதே வழியைத்தான் சொல்கிறது.

முதற்படி பேச்சும், உதவி கேட்டுக் கூவுவதும். அதனால் அவன் விலகுவானென்றால் அடிப்பது ஹராம். கையால் தடுக்க முடிந்தால் சாட்டை கூடாது. சாட்டை போதுமென்றால் தடி கூடாது. உறுப்பில் காயப்படுத்தித் தடுக்க முடிந்தால் உயிரைப் போக்குவது கூடாது. ஓடித் தப்ப வழியிருந்தால் ஓடுவதுதான் கடமை, நின்று சண்டையிடுவது ஹராம் என்பது மத்ஹபின் தீர்ப்பு. கைகலப்பு மூண்டு, படிப்படியாகப் போக அவகாசமே இல்லையென்றால்தான் இந்த வரிசை தளர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொருளைக் காப்பது அனுமதிக்கப்பட்டது, கட்டாயமல்ல என்றும், பெண்ணின் மானத்தைக் காப்பது கட்டாயம் என்றும் உலமாக்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நகையும் பணமும் போனால் போகட்டும் என்று விட்டு, பிள்ளைகளோடு பின்கதவால் அடுத்த வீட்டுக்கு ஓடிய பெண் கோழையல்ல. அவள் மார்க்கத்தின்படிதான் நடந்திருக்கிறாள். அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாளும் தடியும் இருந்த காலத்தில் இவ்வளவு நிதானம் சொல்லியிருக்கிறார்கள். துவக்கோ இந்தப் படிகளையெல்லாம் தாண்டி நேரே கடைசிப் படியில் போய் நிற்கும் ஆயுதம். விசையை அழுத்திய பின் அதைப் பாதி வழியில் நிறுத்த முடியாது.

எந்தத் துவக்கு நல்லது?

சரி, லைசனும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். சொட்கன் நீளமானது. இருட்டிலே, பாயில் பிள்ளைகள் படுத்திருக்கும் அறையிலே அதைத் திருப்பிப் பிடிப்பதே சிரமம். அதன் தோட்டாவிலுள்ள குண்டுகள் பரந்து செல்பவை. பலகைக் கதவையும் மெல்லிய தடுப்பையும் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். பிஸ்டல் கைக்கு அடக்கமானது. ஆனால் இடைவிடாத பயிற்சி இல்லாதவர் கையில், நடுக்கமும் தூக்கக் கலக்கமுமாக இருக்கும் வேளையில், அது எங்கே சுடும் என்று யாருக்கும் தெரியாது.

எதைத் தெரிவு செய்தாலும் ஒரு சிக்கல் மட்டும் தீராது. துவக்கை வெறுமையாக்கிப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி வைத்தால்தான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. அப்படி வைத்தால் கள்வன் வரும் நேரத்தில் இரண்டு பூட்டுக்கும் சாவி தேடித் திறந்து, தோட்டா போட்டு முடிவதற்குள் அவன் வந்த காரியம் முடிந்துவிடும். உடனே கைக்கு எட்டும்படி, தோட்டாவோடு அலுமாரி மேலோ மெத்தைக்குக் கீழோ வைத்தால், அது முதலில் எட்டுவது ஏழு வயதுப் பையனின் கைக்குத்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி காண்பது கடினம்.

யானைக்கென்றால் சொட்கன் அறவே உதவாது. யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறமிருக்க, காயப்பட்ட யானை முன்னையதைவிட ஆபத்தானது. அதற்கு மின்வேலியும் யானை வெடியும் வனஜீவராசிகள் திணைக்களமும் இருக்கின்றன. காட்டுப்பன்றிக்கென்று வேலியோரம் கட்டுத்துவக்குக் கட்டுவது அதைவிடப் பெரிய பாவம். விறகுக்குப் போகும் பெண்ணின் காலை அது எடுத்துவிடும்.

துவக்கு யாரைச் சுடுகிறது?

வீட்டிலுள்ள துவக்கு கள்வனைச் சுடும் என்று நினைத்து வாங்குகிறோம். உலகின் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பரிசீலித்து 2022ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைத்துவக்கு வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள், துவக்கில்லாத வீட்டில் வாழும் அயலவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கொலைக்குப் பலியாகியிருந்தார்கள். வாழ்க்கைத் துணையின் கையால் வீட்டிலேயே சுடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். துவக்கை வாங்கியவர் கணவர், சாவு வந்ததோ மனைவிக்கு!

தற்கொலை விடயத்தில் நமது நாடே உலகத்துக்கு ஒரு பாடம். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. மக்களின் கவலைகள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. கவலை வந்த அந்த ஒரு கணத்தில், கைக்கெட்டும் தூரத்தில் கொல்லும் பொருள் இருக்கவில்லை. அவ்வளவுதான். மனமுடைந்த ஒருவர் இருக்கும் வீட்டில், கோபத்தில் கை ஓங்கும் ஆண் இருக்கும் வீட்டில், போதைப் பழக்கமுள்ள மகன் இருக்கும் வீட்டில் துவக்கு வேண்டாம். கணவர் துவக்கைக் காட்டி மிரட்டினால் அது குடும்ப ரகசியமல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரலாம். 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். மனச்சோர்வுக்கு 1926 இருக்கிறது.

தவறிச் சுட்டுவிட்டாலும் மார்க்கத்தில் விடுதலை இல்லை. ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றவர் மீது நஷ்டஈட்டோடு பரிகாரமும் கடமை என்று சூரா நிஸாவின் 92ஆவது வசனம் விதிக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில் அது இரண்டு மாதத் தொடர் நோன்பு. இருட்டில் வந்தது கள்வனல்ல, தாமதமாகத் திரும்பிய தம்பி என்று தெரியவந்த பிறகு நோற்கும் அந்த அறுபது நாளை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்!

கதவு, விளக்கு, அயல்

அப்படியானால் பயத்தோடேயே வாழச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. நபி (ஸல்) அவர்கள் காட்டிய பாதுகாப்பு முறையை நாம் பாதியில் விட்டுவிட்டோம்.

இருட்டத் தொடங்கியதும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கொள்ளவும், அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவுகளைத் தாழிடவும் அவர்கள் ஏவினார்கள். புதுவீட்டுக்குத் தரைக்கு மாபிள் போடுகிறோம், பின்கதவுக்கோ பழைய பலகையும் ஒரு கொளுக்கியும்! கள்வன் பெரும்பாலும் வருவது அந்த வழியால்தான். முதற்காசைப் பின்கதவுக்கும் யன்னல் கம்பிக்கும் செலவிடுங்கள். படுக்கும்போது விளக்கை அணைக்கச் சொன்னது தீப்பற்றும் ஆபத்துக்காக. முற்றத்து மின்விளக்குக்கு அந்தக் காரணம் இல்லை. கிணற்றடிக்கும் பின்வளவுக்கும் ஒவ்வொரு மின்குமிழ் போடுங்கள். பற்றையை வெட்டி வளவைத் துப்புரவாக வையுங்கள்.

ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டாமென்று சூரா நூர் கற்பிக்கிறது. நீண்ட பயணம் போனவர் முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் வீட்டாரிடம் வந்து நிற்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இந்த ஒழுக்கம் வீட்டில் இருந்தால், வருபவர் நம்மவரா அந்நியரா என்ற சந்தேகமே எழாது. கணவரும் பிள்ளைகளும் இரவில் வருமுன் போனில் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

அயலவரின் உரிமையைப் பற்றி எத்தனை ஹதீஸ்கள்! சட்டமும் ஃபிக்ஹும் முதற்படியாகச் சொன்ன 'உதவி கேட்டுக் கூவுதல்' பலிக்க வேண்டுமானால், கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்க வேண்டுமே! வேலியில் ஒரு முழக் காணிக்காகப் பக்கத்து வீட்டோடு பேசாமல் இருந்துகொண்டு, துவக்கை மட்டும் நம்பி என்ன பயன்? அந்த அயலவர் தமிழராக, சிங்களவராக இருந்தாலும் அவருக்கு அதே உரிமை உண்டு. நான்கு வீட்டுத் தொலைபேசி இலக்கங்களும், பொலிஸின் 119உம் சுவரில் எழுதியிருக்கட்டும். பணமும் நகையும் வீட்டில் குவிந்திருக்க வேண்டாம். இருக்கிறதென்று கலியாண வீடுகளில் பேசவும் வேண்டாம்.

ஏற்கனவே துவக்கு இருந்தால்

வயற்காவலுக்கென்று அனுமதியோடு சொட்கன் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள். வயலிலிருந்து வந்ததும் தோட்டாவை எடுத்து, குழலைத் திறந்து பார்த்த பின்பே வாசலைக் கடக்கட்டும். துவக்கும் தோட்டாவும் வெவ்வேறு பூட்டில் இருக்கட்டும். சாவி ஆணியில் தொங்க வேண்டாம். விளையாட்டுக்கும் யார் பக்கமும் நீட்ட வேண்டாம். கூடப்பிறந்த சகோதரனை நோக்கி இரும்பை நீட்டுபவனையும் மலக்குகள் சபிப்பதாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. மச்சானுக்கோ நண்பருக்கோ இரவல் கொடுக்க வேண்டாம். அனுமதி பெயருக்குரியவருக்கு மட்டுமே. புதுப்பிக்கும் காலத்தை நீங்களும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கணவர் வபாத்தாகிவிட்டால், துவக்கின் அனுமதி காணி போல வாரிசுக்கு இறங்குவதில்லை. பரணில் ஏற்றி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உடனே பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். நீங்கள் இத்தாவில் இருந்தால் மகனோ சகோதரரோ போய்ச் செய்யலாம். யுத்த காலத்துத் தோட்டாவோ குண்டோ வளவில் கிடைத்தால் தொட வேண்டாம், பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

சகோதரிகளே! கணவர் துவக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டை பிடிக்காதீர்கள், பரிகசிக்காதீர்கள். அவர் கேட்பது உங்கள் மீதுள்ள அன்பினால்தான். அருகில் அமர்ந்து, "அந்தக் காசில் முதலில் பின்கதவை மாற்றுவோம்" என்று சொல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கதவைத் தாழிட்டு, ஆயத்துல் குர்ஸி ஓதிப் பிள்ளைகள் மீது ஊதிவிட்டு உறங்குங்கள்.

நமது வீடுகளையும் அயலவர் வீடுகளையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைப்பானாக! நமது கைகளால் எந்த அநியாய உயிரும் போகாமல் காப்பானாக! ஆமீன்.